களஞ்சியமும் இரண்டு காசுகளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வாங்கிக் குவிப்பதே வாழ்வின் வெற்றி என்று விளம்பரங்கள் நாள்தோறும் ஓதிவரும் நிலையில், கிறிஸ்தவர்களாகிய நாங்களும் அதற்கு விலக்கல்ல என்பதை ஒப்புக்கொண்டே இதை எழுதுகிறேன்.

பைபிளில் லூக்கா நற்செய்தியின் 12ஆம் அதிகாரத்தில் இயேசு சொல்லும் உவமையில் வரும் செல்வந்தன், விளைச்சல் பெருகியதும் பழைய களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்டத் திட்டமிடுகிறான். அதைத் தன் ஆத்துமாவிடம் மட்டுமே பேசுகிறான், அயலார் ஒருவர்கூட அவன் நினைவில் வரவில்லை. அண்மையில் என் அலமாரியைத் திறந்தபோது, விலைச்சீட்டுகூடக் கிழிக்கப்படாத இரண்டு சட்டைகள் பழைய துணிகளுக்கு அடியில் கிடந்தன. அவன் களஞ்சியத்தை அங்கேதான் பார்த்தேன்.

மிஞ்சியதைக் கொடுப்பது எளிது. இயேசுவைச் சந்தித்த வரிவசூலிப்பவனான சகேயுவோ தன் ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குத் தருவதாகவும், அநியாயமாய் வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்புவதாகவும் வாக்களித்தான். கொடையோடு கணக்கைச் சரிசெய்வதும் அங்கே சேர்ந்தே வருகிறது.

காணிக்கை திரட்டும்போது தன்னிடமிருந்த எல்லாவற்றையும் காணிக்கையாகப் போட்ட ஏழை விதவையின் இரண்டு காசுகளை எடுத்துக்காட்டும் போதகர்கள், மாற்கு நற்செய்தியின் 12ஆம் அதிகாரத்தில் அதற்குச் சற்று முன்பே விதவைகளின் வீடுகளை விழுங்கும் வேதபாரகரை, அதாவது யூத வேதச் சட்ட அறிஞர்களை, இயேசு கண்டிப்பதையும் சேர்த்து வாசித்தால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்