விளக்குமாறு வேண்டாம், சட்டை போதும்

அன்புள்ள செல்வம்,

கதைப் பிரதியை இரண்டு தடவை வாசித்தேன். 1940-களின் ஷாங்காய், வசதியான வீடு, அம்மாவை முழுங்கிப் பிறந்தவள் என்று பெயர் வாங்கிய கடைசிப் பெண், வயதில் சின்னவளான சித்தி. எல்லாம் சரி. ஆனால் மூன்றாம் பக்கத்திலேயே சித்தி விளக்குமாற்றைத் தூக்கிவிடுகிறாளே! அது நம்மூர் சினிமா. சீனர்களின் மாற்றாந்தாய்க் கதைகளில் வேண்டாத பிள்ளை யார் என்பதை, கொடுக்கிற சாப்பாடு, துணியின் அளவில்தான் காட்டுவார்கள். வடசீனாவில் ஹெபெய் பக்கத்து நாட்டுப் பாட்டு ஒன்றில் தம்பி நூடுல்ஸ் தின்கிறான், அக்காவுக்கு வெறும் சூப். அவ்வளவுதான் கொடுமை.

இதற்கெல்லாம் மூலம் கன்ஃபூசியஸின் சீடர் மின் ஜிச்சியனின் சட்டை. சித்தி தன் இரண்டு பிள்ளைகளுக்கும் பஞ்சு வைத்துத் தைக்கிறாள், மூத்தாள் மகனான இவனுக்கு நாணற்பூ. (அந்தக் காலத்துச் சீனாவில் பருத்திப் பஞ்சு ஏது? பட்டுப் பஞ்சாகத்தான் இருந்திருக்கும். பின்னால் சொன்னவர்கள் மாற்றிவிட்டார்கள்.) நாணற்பூச் சட்டை பார்வைக்குப் புஸ்ஸென்று தடியாகவே இருக்கும். ஆனால் பூவிழைகள் பின்னிக்கொள்ளாது. போடப்போட அடியில் போய்ச் சேர்ந்துவிடும், தோளிலும் முதுகிலும் மிஞ்சுவது வெறும் துணி. பனிக்காலத்தில் வண்டி ஓட்டும்போது கை நடுங்கிக் கடிவாளம் நழுவுகிறது. சோம்பேறி என்று அப்பா சாட்டையால் அடிக்க, துணி கிழிந்து பூ பறக்கிறது. அப்போதுதான் அவருக்கு விஷயமே தெரிகிறது. அவளைத் துரத்தப் போகிறவரிடம் பையன், அம்மா இருந்தால் ஒருவனுக்குக் குளிர், போய்விட்டால் மூன்று பேருக்கும் குளிர் என்கிறான்.

எல்லோரும் பையனின் பொறுமையைப் புகழ்வார்கள். நீ அப்பாவைப் பார். அதுவரை அந்தச் சட்டையை ஒரு தடவைகூடத் தொட்டுப் பார்க்காத மனுஷன். தாய் செத்தால் தகப்பன் சிற்றப்பன் என்போமே, சீனர்களும் மாற்றாந்தாய் வந்தால் மாற்றாந்தகப்பனும் வந்துவிடுவான் என்கிறார்கள். உன் கதையில் அப்பா எப்போதும் ஆபீஸில் இருக்கிறார். அவரைச் சாப்பாட்டு மேஜையில் உட்கார வை, பார்க்காமல் இருக்கட்டும்.

அழைக்கும் முறையும் இடறுகிறது. 'ஹௌ நியாங்' (மாற்றாந்தாய்) என்பது முதுகுக்குப் பின்னால் சொல்வது. நேரில் அம்மா முறைதான். பழைய சடங்கு நூலே மாற்றாந்தாய் தாய்க்குச் சமம் என்று விதித்திருக்கிறது. உன் கதைப் பெண் அண்ணன்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டாள், இரண்டாம் அண்ணன் என்றால் 'அர் கெ'. சித்தியின் பிள்ளைகளுக்கும் வரிசை எண் அப்படியே தொடரும். சமையல்காரி அவளை 'துவோ யோ பிங்' என்று திட்டுவது சுத்தத் தப்பு. 'இழுத்து வந்த எண்ணெய்க் குப்பி' என்ற அந்த வசவு, மறுமணம் செய்யும் தாய் கூடவே கூட்டி வரும் பிள்ளைக்கு. உன் பெண் பிறந்த வீட்டிலேயே இருக்கிறாள்.

பெரிய ஓட்டை, மகளுக்கு ஒன்றும் இல்லை என்கிற அப்பாவின் உயில். 1931 முதல் நடைமுறையில் இருந்த சீன சிவில் சட்டப்படி மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு. உயிலில் என்ன எழுதினாலும் அதில் பாதியைப் பறிக்க முடியாது. பறிக்க வேண்டுமென்றால் இரண்டு வழி. ஒன்று, உயிரோடு இருக்கும்போதே சொத்தைச் சித்தி பெயருக்கு மாற்றிவிடுவது. இன்னொன்று, மகள் தன்னைக் கொடுமைப்படுத்தினாள் அல்லது பெரிதாக அவமதித்தாள், அதனால் அவளுக்கு வாரிசுரிமை இல்லை என்று அப்பாவே அறிவிப்பது. உனக்கு இரண்டாவதுதான் பொருந்தும். ஆறாம் அத்தியாயத்தில் அவள் எதிர்த்துப் பேசுகிறாளே, அதைச் சித்தி தேதி போட்டு எழுதி வைத்துக்கொள்ளட்டும்.

இல்லையென்றால் குடும்பத்தை 1949-ல் ஹாங்காங்கில் குடியேற்றிவிடு. அங்கே சீனர்களின் வாரிசுரிமைக்கு 1971 வரை சீனாவின் சிங் அரச வம்சக் காலத்து வழக்கம்தான் செல்லுபடி, மகளுக்குப் பங்கே இல்லை. அப்பா உயில் எழுதாமல் கண்ணை மூடினாலே காரியம் முடிந்தது.

திருத்தியதும் அனுப்பு. எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும், கண்ணாடி மாற்றியும் சின்ன எழுத்து தடுமாறுகிறது.

அன்புடன்,
ராகவன்