கொதித்தாறிய தண்ணீர்

குருநகர்,
யாழ்ப்பாணம்.

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்துப் பத்து நாளாகிறது. உடனே பதில் போடாததற்கு மழை ஒரு சாட்டு. முற்றத்தில் கணுக்கால் அளவு வெள்ளம், பின்வளவு முருங்கை முறிந்துவிட்டது, வீட்டுக்காரிக்குக் கண் சத்திரசிகிச்சை முடிந்து இப்போது என் சட்டையில் உள்ள ஊத்தையெல்லாம் அவளுக்குத் தெளிவாகத் தெரிகிறது. உண்மையான சாட்டு, நீ கேட்டிருந்த கேள்விதான்.

பேரன் கனடாப் படையில் சேர்ந்தது எனக்குப் புதுச்செய்தி. நவம்பர் 11, போரில் செத்த படையினரின் நினைவு நாளில் அவனுக்காகப் போய் நின்றாய். சீருடை போட்ட குருவானவர், எந்தக் கஷ்டத்திலும் கடவுள் நம்மைப் பராமரிக்கிறார் என்று பிரசங்கம் வைத்தார். நீ பாதியில் எழுந்து போய்க் காருக்குள் இருந்துவிட்டாய். "நான் செய்தது பிழையா?" என்று எழுதியிருக்கிறாய்.

எனக்கென்றால் பிழையாகப் படவில்லை. சீருடையைக் கண்டால் இன்றைக்கும் என் கை முதலில் அடையாள அட்டையைத்தான் தேடுகிறது. அந்த உடுப்புக்குள்ளிருந்து கடவுளின் பராமரிப்பைக் கேட்பதற்கு நம் வயதுக்காரருக்குக் காது இல்லை. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும்.

2013 ஏப்ரலில் ஒபாமா ஒரு செத்துப்போன குருவானவருக்கு அமெரிக்காவின் மிகப் பெரிய படைப் பதக்கத்தைக் கொடுத்தார் என்று பத்திரிகையில் படித்தேன். எமில் கபோன். கன்சாஸ் மாநிலத்தில் பில்சன் என்ற சின்ன ஊரின் விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. கொரியப் போரில் ஜீப் வண்டியின் முன்மூடியை பீடமாக்கிப் பூசை வைத்தவர். ஜீப் இல்லாமல் போனபோது சைக்கிளில் ஏறிப் படையினரிடம் போனவர். பெற்றோல் இல்லாமல் ஊரே சைக்கிளில் ஓடிய காலத்தை நினைத்துப் பார்; எனக்கு அந்த மனிதரை அந்த இடத்திலேயே பிடித்துவிட்டது. படைக் குருமார் துவக்குத் தூக்குவதில்லை. 1950 நவம்பர் 2, உன்சான் என்ற இடத்தில் சீனப் படை சூழ்ந்தபோது, தப்பியோட வழியிருந்தும் காயக்காரரோடு நின்றுவிட்டார். கணுக்கால் உடைந்து கிடந்த ஒரு சார்ஜன்டின் தலைக்கு நேரே ஒரு சீனச் சிப்பாய் துவக்கை நீட்டி நிற்கிறான். இவர் நடந்து போய்த் துவக்கை ஒதுக்கிவிட்டு, காயக்காரனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். அந்தச் சிப்பாய் ஏன் சுடவில்லை என்று சார்ஜன்டுக்குக் கடைசிவரை விளங்கவில்லையாம்.

பிறகு பியோக்டொங் சிறைமுகாம். பட்டினி, குளிர், வயிற்றோட்டம். கூரைத் தகரத்தைக் கல்லால் தட்டிச் சட்டிபோல் ஆக்கி, அதில் தண்ணீர் கொதிக்கவைத்துக் கொடுத்தார். எழும்ப முடியாதவர்களின் உடுப்பைக் கழுவினார். காவலரின் களஞ்சியத்திலிருந்து தானியம் களவெடுக்கப் போகும்போது, இயேசுவோடு சிலுவையில் தொங்கிய நல்ல கள்வனைத் துணைக்கு மன்றாடிவிட்டுப் போவாராம். 1951 மே 23 அன்று அங்கேயே இறந்தார், வயது 35. அவரைக் கண்ணாலும் காணாத ஒரு யூத விமானி, அவர் இறந்த பிறகு அந்த முகாமுக்கு வந்து, மற்றக் கைதிகள் சொன்னதை மட்டும் கேட்டுவிட்டு, விறகுக் கட்டையில் அவருக்காக ஒரு சிலுவை செதுக்கினார்.

இதைப் படித்தபோது எனக்கு நம் பழைய பங்குச் சுவாமியின் ஞாபகம் வந்தது. நீ கிளாலிக் கடலேரி தாண்டி யாழ்ப்பாணத்தை விட்டுப் போன பிறகு நடந்தது, உனக்குத் தெரியாது. 1995 ஜூலை 9 நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்தில் தஞ்சமிருந்த சனத்தின்மேல் குண்டு விழுந்து நூற்றுக்கு மேல் செத்தார்கள். அடுத்த ஞாயிறு பிரசங்க நேரத்தில் சுவாமி வாய் திறந்தார், மூடினார், போய்க் கதிரையில் இருந்துவிட்டார். அதற்கும் ஒரு சிலர் குறை சொன்னார்கள். பிரசங்கத்துக்குக் குறை சொல்லும் சனம் பிரசங்கம் இல்லாததற்கும் சொல்லும்.

அதே வருடம் ஒக்டோபர் 30 இரவு. படை நெருங்கி வர, சனமெல்லாம் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டது. கொட்டும் மழை. அம்மாவைச் சைக்கிள் கரியரில் வைத்து நாவற்குழிப் பாலத்தை நோக்கி உருட்டுகிறேன். அடியெடுத்து வைக்க இடமில்லாத கூட்டம். அதற்குள் சுவாமியும் தலையில் ஒரு வாளியைக் கவிழ்த்துக்கொண்டு வருகிறார். அந்த வாளியை ஏன் கொண்டுவந்தார் என்று பிறகுதான் விளங்கியது. சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கினோம். ஒரு கிணறு, நூற்றுக்கணக்கான குடும்பம். முதல் ஞாயிறு பூசைக்கு அங்கி காயவில்லை, சாரத்தோடு நின்றார். பிரசங்கம் முழுவதும் இவ்வளவுதான்: "கிணற்றுத் தண்ணீர் சரியில்லை. பிள்ளைகளுக்குக் கொதித்தாறிய தண்ணீர் மட்டும் கொடுங்கள். விறகு நாங்கள் கொண்டுவந்து தருவோம்."

அந்த "நாங்கள்" யார் என்று பார்த்தால், நானும் இன்னும் நாலு பெடியன்களும்! எங்களை அவர் கேட்கவேயில்லை. விறகோடு விறகாக யாரோ ஒருவருடைய காணித் தேங்காய்களும் வந்து சேர்ந்தன. சுவாமி ஒரு தேங்காய்ச் சொட்டு எடுத்துக் கடித்தார். எந்த வளவு என்று விசாரிக்கவில்லை. நல்ல கள்வனைப் பற்றி அவருக்கும் தெரிந்திருக்கும்தானே.

கபோனையும் இவரையும் ஒரே தராசில் வைப்பதற்கு எனக்குக் கொஞ்சம் கூச்சம்தான். அவர் ஒரு படையோடு போனவர், இவர் படைகளுக்குப் பயந்து ஓடிய சனத்தோடு வந்தவர். கடவுள் பராமரிக்கிறார் என்பதை நான் முழுதாக நம்புகிறேனா என்று கேட்டால், நவாலியை நினைக்கும் நாளில் இல்லை. அந்த வாளியை நினைக்கும் நாளில் வாயை மூடிக்கொள்கிறேன்.

உன் கனடாக் குருவானவர் எப்படிப்பட்டவர் என்று பேரனிடம் கேள். குளிரில் பெடியன்கள் நடக்கும்போது கூட நடக்கிறவரா, இல்லை மேடைக்கு மட்டும் வருகிறவரா? பேரனுக்குத் தெரிந்திருக்கும். நீ ஏன் காருக்குள் போய் இருந்தாய் என்பதையும் அவனுக்குச் சொல்லிவிடு. தாத்தாவுக்குக் குளிர்ந்துவிட்டது என்று அவன் நினைத்துக்கொண்டிருப்பான்.

மருமகள் மார்கழியில் ரொறன்ரோ வருகிறாள். புழுக்கொடியலும் கொஞ்சம் மிளகாய்த்தூளும் அவளிடம் கொடுத்துவிடுகிறேன். புழுக்கொடியல் போன வருடத்தது, கல்லுப்போல் இருக்கிறது. உன் பல்லின் நிலைமை என்னவென்று நீ எழுதவேயில்லை.

அன்புடன்,
உன் மச்சான்