தேர்வுக் குழுவினருக்கு: எண்ணைப் படிக்கும் முன் கோப்பைப் பிரியுங்கள்

ஆய்வாளர்களின் நியமனத்தையும் பதவி உயர்வையும் முடிவுசெய்யும் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். நான் இருபது ஆண்டுகளாகக் கடல்சார் சூழலியலில் ஆய்வு செய்துவருகிறேன். நீங்கள் உட்காரும் நாற்காலியில் நானும் சில முறை உட்கார்ந்திருக்கிறேன். அப்படியொரு நாளில் நடந்ததுதான் இந்த மடலை எழுதவைத்தது.

பதவி ஒன்று, விண்ணப்பங்கள் இரண்டு. தலைவர் திரையைப் பார்த்து இருவரின் எச்-குறியீட்டையும் படித்தார். ஒருவரின் கட்டுரைகளை மற்றவர்கள் எத்தனை முறை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்பதை வைத்துப் போடும் எண் அது. ஒருவருக்கு 27, மற்றவருக்கு 11. "பிறகென்ன, தெளிவாகத்தானே இருக்கிறது" என்றார் ஓர் உறுப்பினர். பத்து நிமிடத்தில் கூட்டம் முடிந்தது. இரண்டாமவரின் கோப்பை யாரும் பிரிக்கவே இல்லை. நானும் வாய் திறக்கவில்லை. அந்த உறுத்தல் இன்னும் போகவில்லை.

அந்த 11க்கு உரியவர் கடற்புழுக்களை வகைப்படுத்துகிறவர். கடலடிச் சேற்றைச் சல்லடையில் அலசி, மிஞ்சியதைத் தட்டில் பரப்பி, நுண்ணோக்கியின் கீழ் ஒவ்வொரு புழுவின் சுணைகளையும் எண்ணுவார். சில மில்லிமீட்டர் நீளமுள்ள புழுவின் தாடையைப் பிரித்தெடுத்து வரைந்து முடிக்க ஒரு பகல் முழுதும் போய்விடும். அப்படித்தான் புதிய இனங்களை விவரித்துப் பெயர் சூட்டியிருக்கிறார். இந்தக் கடலடியில் இத்தனை இனங்கள் வாழ்கின்றன என்று மற்றவர்கள் எழுதுவதெல்லாம் அந்தப் பெயர்களை நம்பித்தான். எழுதும்போது மரபுப்படி இனப்பெயரை அடுத்து அவர் பெயரையும் ஆண்டையும் போடுகிறார்கள். ஆனால் கட்டுரையின் இறுதியில் உள்ள நூற்பட்டியலில் அவருடைய கட்டுரையைப் பெரும்பாலும் சேர்ப்பதில்லை. மேற்கோள்களை எண்ணும் தரவுத்தளங்களோ அந்தப் பட்டியலைத்தான் பார்க்கின்றன. ஒரே கட்டுரையில் ஐந்து இடங்களில் அவர் பெயர் அச்சாகியிருந்தாலும் அவர் கணக்கில் ஒன்றுகூட ஏறாது.

எச்-குறியீட்டை 2005இல் முன்வைத்தவர் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர். தலா 11 மேற்கோளாவது பெற்ற கட்டுரைகள் 11 இருந்தால் குறியீடு 11. ஆண்டுகள் போகப் போக அது ஏறுமே தவிர இறங்காது. ஒற்றை எண் ஓர் ஆய்வாளரைப் பற்றித் தோராயமான சித்திரத்துக்கு மேல் தராது என்று ஹிர்ஷே அந்தக் கட்டுரையில் எழுதியிருக்கிறார். அதைக் கண்டுபிடித்தவருக்கே இருந்த தயக்கம் நமக்கு ஏன் இல்லை?

எங்கள் வேலைக்குப் பிடிக்கும் காலத்தையும் யோசித்துப் பாருங்கள். ராபர்ட் பெயின் என்ற சூழலியலாளர் 1963இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் கடற்கரைப் பாறையிலிருந்து நட்சத்திர மீன்களை அகற்றத் தொடங்கினார். திரும்பத் திரும்பப் போய் அகற்றினார். இரை தின்னும் அந்த ஒரே உயிர் இல்லாமல் போனதால் மட்டிகள் பாறையைப் பிடித்துக்கொண்டன, அங்கிருந்த 15 இனங்கள் 8ஆகக் குறைந்தன என்று 1966இல் எழுதினார். 1969இல் அவர் தந்த 'ஆதார இனம்' என்ற கருத்து, அதாவது ஓர் இனத்தை எடுத்துவிட்டால் அங்குள்ள உயிர்க்கூட்டமே மாறிவிடும் என்பது, இன்று பாடநூல்களில்கூட இருக்கிறது. அவரை மேற்கோள் காட்டாமலே பலர் அதை எழுதுகிறார்கள். ஒரு கருத்து எல்லோருக்கும் சொந்தமாகிவிட்டால் எண்ணிக்கைக்கு அது தெரிவதில்லை.

ஓர் இதழின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்பதைச் சொல்லும் தாக்கக் காரணி, முந்தைய இரண்டு ஆண்டுக் கட்டுரைகளை மட்டுமே கணக்கில் எடுக்கிறது. ஒரு பாறையில் கொட்டலசுகள் என்ற ஒட்டி வாழும் ஓட்டுயிரிகள் குடியேறுவதை இரண்டு ஆண்டு பார்த்தவரால், அவை நல்ல ஆண்டுகளா கெட்ட ஆண்டுகளா என்றுகூடச் சொல்ல முடியாது. ஆலிஸ்டர் ஹார்டி என்ற பிரிட்டிஷ் கடல் உயிரியலாளர் உருவாக்கிய கருவியை 1931 முதல் வணிகக் கப்பல்கள் வட அட்லாண்டிக்கில் இழுத்துச் செல்கின்றன. பட்டுத் துணியில் படியும் மிதவை உயிரிகளை ஆட்கள் உட்கார்ந்து எண்ணுகிறார்கள். வெப்பநீர் இனங்கள் வடக்கே நகர்ந்துவிட்டதை 2002இல் காட்ட முடிந்தது அந்தக் கணக்கால்தான். 1960களில் அந்தத் துணியைப் பார்த்துக் குறித்து வைத்தவர்களுக்கு எந்தக் குறியீட்டில் இடம் இருக்கிறது?

மேற்கோளே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரு கட்டுரையை யாரோ எடுத்துப் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்பதற்கு அது தடயம். ஆனால் களத்தில் சேர்த்த தரவை விட அதைத் தொகுத்து எழுதிய மீளாய்வுக் கட்டுரைக்கே மேற்கோள் குவிகிறது என்பதை மனத்தில் வையுங்கள். விண்ணப்பிப்பவர் தாமே தேர்ந்தெடுத்த மூன்று கட்டுரைகளைக் கேட்டு வாங்குங்கள், கூட்டத்துக்கு முன்பே படியுங்கள். எந்தத் தரவுகளைப் பொதுவில் வைத்திருக்கிறார், எத்தனை ஆண்டுத் தொடரைக் காப்பாற்றி வருகிறார், எந்த இனங்களை விவரித்திருக்கிறார் என்று விண்ணப்பப் படிவத்திலேயே கேளுங்கள். அத்துறையை அறிந்த ஒருவராவது குழுவில் இருக்கட்டும்.

அந்தக் கடற்புழு ஆய்வாளர் மீண்டும் விண்ணப்பிக்கப் போகிறார். தான் விவரித்த இனங்களின் பட்டியலை இந்த முறை முதல் பக்கத்திலேயே வைக்கும்படி அவரிடம் சொல்லியிருக்கிறேன். அந்தப் பக்கத்தையாவது புரட்டிப் பாருங்கள்.

அன்புடன்,
ஒரு கடல்சார் சூழலியலாளர்