ஜமைக்கா கொல்லர்கள்: சொல்லாமல் விட்டது

ஆசிரியருக்கு வணக்கம்.

ஜமைக்காவின் அடிமைக் கொல்லர்களைப் பற்றிப் போன இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். இங்கிலாந்தில் ஹென்றி கார்ட் என்ற இரும்பு உற்பத்தியாளர் 1783, 1784இல் காப்புரிமை வாங்கிய, மட்டமான இரும்பை நல்ல இரும்பாக்கும் செய்முறை, ஜமைக்காவின் மொரன்ட் பே ஊர்ப் பக்கம் ஜான் ரீடர் நடத்திய இரும்பு வார்ப்படச் சாலையின் கறுப்பினத் தொழிலாளர்களிடமிருந்து திருடியது என்று கட்டுரையாளர் தீர்ப்பே எழுதிவிட்டார். 2023இல் வரலாற்று ஆய்வாளர் ஜென்னி புல்ஸ்ட்ரோட் ஆய்விதழில் அப்படி எழுதியது உண்மைதான். ஆனால் அந்தச் செய்முறை கார்ட்டின் காதுக்குப் போனதற்கு நேரடிச் சான்று எங்கே என்று வேறு ஆய்வாளர்கள் உடனே கேட்டுவிட்டார்கள், சர்ச்சை இன்னும் ஓயவில்லை. இதைப் பற்றி ஒரு வரிகூடவா இல்லை?

சரி, அது போகட்டும். கார்ட் திருடினாரா இல்லையா என்றே பேசிக்கொண்டிருந்தால் அந்தக் கொல்லர்கள் மறுபடியும் ஒரு வெள்ளைக்காரர் கதையில் துணைப் பாத்திரம்தான். யாரும் மறுக்காத சங்கதிகளே ஏராளம். ஜமைக்காவின் கரும்புத் தோட்டங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். கரும்பு வெட்டியதும் உடனே ஆட்டியாக வேண்டும், சாறு சீக்கிரம் புளித்துவிடும். அறுவடை நேரத்தில் ஆலை உருளை உடைந்தாலோ கொப்பரை ஓட்டை விழுந்தாலோ தோட்டமே நின்றுவிடும். மாற்று உருப்படி இங்கிலாந்திலிருந்து கப்பலில் வர வாரக்கணக்கில் ஆகும். அப்போது முதலாளி யாரை நம்பியிருந்தான்? உலைக்களத்தில் நின்ற அடிமையைத்தான். சொத்துக் கணக்கில் கொல்லனுக்கு வயலில் வேலை செய்பவரைவிட மிக அதிக விலை போட்டதும் அதனால்தான். அதே கைகள் சக அடிமைகளுக்கு விலங்கும் அடிக்க வேண்டியிருந்தது என்பதையும் எழுதியிருக்கலாம், அது படிக்கக் கஷ்டமாக இருந்தாலும்.

ரீடரின் வார்ப்படச் சாலையைப் போர்க்காலத்தில் எதிரி கைக்குப் போய்விடுமோ என்ற பயத்தில் 1782இல் ஆங்கிலேய நிர்வாகமே அழித்தது. கட்டுரையில் அரை வரியில் முடிந்துபோன இந்த இடம்தான் எனக்கு முக்கியமாகப் பட்டது, ஏனென்றால் இரும்பு வேலை தெரிந்தவர்களைக் கண்டு ஆட்சியாளர்களுக்கு எப்போதும் உள்ளூர ஒரு நடுக்கம் இருந்தது. அது வெறும் கற்பனையும் இல்லை. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் 1800இல் அடிமைகளின் கிளர்ச்சிக்குத் திட்டமிட்ட கேப்ரியல் என்ற அடிமை ஒரு கொல்லர். அவர் தம்பியோ அண்ணனோ, சாலமனும் கொல்லர்தான், புல்லறுக்கும் நீள அரிவாள்களை வாளாக மாற்றினார்கள். பெருமழையும் காட்டிக்கொடுத்தவர்களும் சேர்ந்து கெடுத்தார்கள், அக்டோபரில் கேப்ரியலைத் தூக்கிலிட்டார்கள்.

அடுத்த இதழிலாவது கார்ட் விவகாரத்தின் மறுபக்கத்தையும் போடுங்கள்.

வாசகர், ஈரோடு