தஞ்சாவூரில் இரண்டு நாள், இரண்டு பேர்: எங்கள் திட்டம் ஏன் இப்படி இருக்கிறது

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

தஞ்சாவூர் வார இறுதிப் பயணத்தின் அட்டவணையைக் கையில் வாங்கியதும் பெரும்பாலானோர் கேட்பது ஒன்றுதான். "இரண்டு முழு நாள் இருக்கிறது. பெரிய கோவில், அரண்மனை, தாராசுரம், அவ்வளவுதானா? நவக்கிரகத் தலங்களையும் கங்கைகொண்ட சோழபுரத்தையும் இதிலேயே சேர்த்துவிடலாமே?" சேர்க்கலாம். ஆனாலும் நாங்கள் சேர்ப்பதில்லை. அதற்கான காரணத்தைச் சொல்லத்தான் இந்த மடல்.

காவிரிக் கரைக் கோவில்களில் நடை சாத்தும் நேரம்தான் முதல் காரணம். பகல் 12, 12.30 மணி வாக்கில் சாத்தினால் மாலை 4 மணிக்குத்தான் திறப்பார்கள். கங்கைகொண்ட சோழபுரம் தஞ்சையிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர். காலைச் சிற்றுண்டியை முடித்துவிட்டு, வழியில் ஒரு கோவிலில் இறங்கி, கிளம்பிப் போய்ச் சேர்வதற்குள் உச்சிவேளை ஆகிவிடும். பூட்டிய கதவுக்கு முன்னால் நின்றுவிட்டு வருவதற்கு ஒரு பயணம் தேவையில்லை. நவக்கிரகச் சுற்று தனி யாத்திரை. கும்பகோணத்தில் தங்கி, விடியலுக்கு முன் வண்டியில் ஏற வேண்டிய வேலை அது. கேட்பவர்களுக்கு அதைத் தனியாகவே போட்டுத் தருகிறோம்.

எங்கள் திட்டத்தின் மையம் வேறு. பெரிய கோவிலுக்கு இரண்டு முறை போக வேண்டும்: சனிக்கிழமை மாலை ஒரு முறை, ஞாயிறு காலை ஒரு முறை. மற்றதெல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவில் இடம் பிடித்துக்கொள்ளும்.

போக்குவரத்தைச் சொல்லிவிடுகிறோம். வெள்ளி இரவு சென்னை எழும்பூரில் உழவன் எக்ஸ்பிரஸ் ஏறினால் சனி காலை தஞ்சாவூர். முன்பதிவு 60 நாட்களுக்கு முன் காலை 8 மணிக்குத் திறக்கும். வார இறுதிக்கான இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதால், தேதியை எங்களிடம் குறைந்தது 65 நாட்களுக்கு முன் சொல்லுங்கள். இரண்டு பேர் மட்டும் என்றால் இரண்டடுக்கு ஏசி பெட்டியில் பக்கவாட்டுப் படுக்கைகள், அதாவது மேலும் கீழுமாக ஒரு ஜோடி, நல்ல தேர்வு. திரையை இழுத்துவிட்டால் உங்கள் இடம் உங்களுக்கு. உயரமானவர்களுக்கு மட்டும் அங்கே கால் நீட்டக் கொஞ்சம் இடம் போதாது. அம்மாவும் மகளுமாக, அல்லது வயதான தம்பதியராகப் போகிறீர்கள் என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள். ஒரு கீழ்ப் படுக்கையாவது கிடைத்தால் மட்டும் பதிவாகும்படி செய்வோம்.

பில்லில் இரண்டு இரவு வாடகை இருப்பதைப் பார்த்துப் பலர் திகைக்கிறார்கள். ஊரில் படுப்பது சனி இரவு மட்டும்தானே என்பது அவர்கள் கேள்வி. ரயில் விடியலில் இறக்கிவிடும்; பல விடுதிகளில் பகல் 12 மணிக்குத்தான் அறை தருவார்கள். அந்த ஆறு மணி நேரம் வரவேற்பறைச் சோபாவில் பையோடு உட்கார்ந்திருந்தால், பயணத்தின் முதல் நாள் அங்கேயே களைத்துப் போகும். அதனால் வெள்ளி பகலிலிருந்தே அறையை எடுத்துவைக்கிறோம். 24 மணி நேரக் கணக்கில் அறை தரும் விடுதி கிடைத்தால் இந்தச் செலவு குறையும். கிடைக்கும்போது அதையே போடுகிறோம்.

சனி காலை குளித்து, சாப்பிட்டு, 10 மணிக்கு அரண்மனை. நாயக்கர் கட்டி மராத்தியர் விரித்த வளாகம் அது. அதற்குள் கலைக்கூடம், சரஸ்வதி மகால் நூலகத்தின் காட்சிக்கூடம், தர்பார் மண்டபம் எல்லாம் இருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே வேகத்தில் பார்க்காதீர்கள். கலைக்கூடத்துச் சோழர் செப்புத் திருமேனிகளுக்கு ஒரு மணி நேரம் தனியாக வையுங்கள். திருவெண்காட்டில் கிடைத்த ரிஷபவாகன தேவரும் பக்கத்தில் தேவியும் அங்கே இருக்கிறார்கள். தேவர் 1011ஆம் ஆண்டு, தேவி அடுத்த ஆண்டு. தேவர், அதாவது சிவன், தலைமுடியைப் பாம்போடு சேர்த்துத் தலைப்பாகையாகச் சுற்றி, காளையின் மேல் சாய்த்த கையோடு நிற்கிறார். காளை அங்கே இல்லை. ஆனாலும் அந்த முழங்கை எதன்மேலோ ஊன்றி இருப்பதாகவே கண்ணுக்குப் படும். முன்னால் மட்டும் பார்த்துவிட்டு நகராமல், பக்கவாட்டிலும் போய் நில்லுங்கள்.

தஞ்சாவூர் ஓவியம் வாங்குவதானால் சனிக்கிழமையே வாங்குங்கள். ஞாயிறு பல பட்டறைகள் மூடியிருக்கும். பலகைமேல் துணி ஒட்டி, சுண்ணப் பொடியும் பசையும் கலந்த பூச்சால் மேடு எழுப்பி, அதன்மேல் தங்க ரேக்கு ஒட்டுவது முறை. ரேக்கு தங்கமா, தங்க நிறத் தகடா என்று நேரடியாகக் கேட்டு, பில்லிலும் எழுதி வாங்குங்கள். நிறத் தகடு சில வருடங்களில் மங்கிக் கறுத்துவிடும். ரயிலில் கொண்டுவர ஒரு முழத்துக்கு மேல் வேண்டாம். கண்ணாடிச் சட்டம் போட்டது என்றால் கண்ணாடிக்கு மேல் ஓர் அட்டை வைத்துக் கட்டச் சொல்லுங்கள். தலையாட்டி பொம்மை வாங்கினால் மேசையில் சாய்த்து விட்டுப் பாருங்கள். ஆடி நின்றபின் நேராக நிற்க வேண்டும். ஒருபக்கம் சாய்ந்து நின்றால் அடி எடை நடுவில் உட்காரவில்லை என்று பொருள்.

பிற்பகல் தூங்குங்கள். அட்டவணையில் 1.30 முதல் 3.30 வரை வெறுமையாக இருப்பது மறதியால் அல்ல.

மாலை 4 மணிக்குப் பெரிய கோவில். நுழைவுக் கட்டணம் கிடையாது. கல்தளம் அப்போதும் சுடும். கனமான பருத்திச் சாக்ஸ் ஒரு ஜோடி வைத்துக்கொள்ளுங்கள், அல்லது நார் விரிப்பு போட்ட பாதையிலேயே நடங்கள். ராஜராஜன் 1010இல் முடித்த விமானம் 200 அடிக்கு மேல். அதன் நிழல் தரையில் விழாது என்று இன்னமும் சொல்கிறார்கள். கோவில் கிழக்குப் பார்த்தது. வெயில் மேற்கே சாயச் சாய நிழல் கிழக்கே நீண்டு வருவதை நீங்களே முற்றத்தில் நின்று பார்க்கலாம். சூரியன் தலைக்கு நேர் மேலாக வரும் மாதங்களின் உச்சிவேளையில் மட்டும், அடி அகன்று மேலே குறுகிப் போகும் கட்டுமானம் என்பதால், நிழல் தன் மேலேயே விழுந்து அடங்கிவிடும். பேச்சு பிறந்தது அதிலிருந்தாக இருக்கலாம்.

கருவறையைச் சுற்றிய உள்ளறையில் இருக்கும் சோழர் ஓவியங்கள் 1931இல் வெளிப்பட்டவை. அதற்கு மேல் தளத்தில் 81 கரணச் சிற்பங்கள், அதாவது நாட்டிய நிலைகள். இரண்டுக்கும் பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. "காவலரிடம் பேசி உள்ளே அனுப்புகிறேன்" என்று யார் சொன்னாலும் பணம் கொடுக்காதீர்கள். ஓவியங்களின் படங்களை வளாகத்துக்குள்ளேயே உள்ள விளக்கக் கூடத்தில் பார்க்கலாம். இருட்டிய பிறகும் அரை மணி நேரம் புல்வெளியில் உட்காருங்கள். விளக்கு வெளிச்சத்தில் அந்தக் கல் வேறு நிறம்.

ஞாயிறு காலை 6 மணிக்கு அதே கோவிலுக்கு ஏன் மறுபடி? கல்வெட்டுக்காக. விமானத்தின் அடிப்பகுதி முழுக்க எழுத்து. காலை வெயில் பக்கவாட்டில் விழும்போது வெட்டுக்குள் நிழல் தங்கி எழுத்து எழுந்து நிற்கும். பகலில் அது தட்டையாகிவிடும். தான் கொடுத்ததையும், அக்கன் குந்தவை கொடுத்ததையும், தன் பெண்டுகளும் மற்றவர்களும் கொடுத்ததையும் கல்லில் வெட்டச் சொன்ன அரசன் அவன். கோவில் பணிக்கு அமர்த்திய ஆடல் மகளிரான தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரைப் பெயரோடு, குடியிருந்த வீட்டோடு பதிந்திருக்கிறான். புள்ளி இருக்காது, சொற்களுக்கு நடுவில் இடைவெளி இருக்காது. ஆனாலும் ட, ப போன்ற எழுத்துகள் இன்றைக்கும் அடையாளம் தெரியும். இரண்டு பேராகப் போவதன் பயன் இங்கேதான். ஒருவர் எழுத்துக் கூட்ட, மற்றவர் திருத்த, ஒரு வரி படிக்கக் கால் மணி நேரம் ஆகும். கல்லைத் தொடாமல் படியுங்கள்; மாவு பூசிப் படம் எடுக்காதீர்கள்.

பகல் 12க்கு அறையைக் காலி செய்து, சாப்பிட்டு, 2.30க்குக் கார். தாராசுரம் சுமார் 35 கிலோமீட்டர்; நடை திறக்கும் நேரத்துக்குப் போய்விடலாம். இரண்டாம் ராஜராஜன் எடுத்த ஐராவதேசுவரர் கோவில். பெரிய கோவிலில் அண்ணாந்து பார்த்த கழுத்துக்கு இங்கே குனிய வேண்டிவரும். கருவறைச் சுவரின் அடியில் பெரியபுராணக் காட்சிகள் சின்னச் சின்னதாக ஓடுகின்றன. யானையும் காளையும் ஒரே தலையைப் பகிரும் சிற்பத்தைத் தேடிப் பிடியுங்கள். ஒரு பக்கத்து உடலைக் கையால் மறைத்தால் யானை, மறுபக்கத்தை மறைத்தால் காளை. ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வளாகம் தாழ்வாக இருப்பதால் தண்ணீர் தேங்கும். அந்த மாதங்களில் கால்சட்டையை மடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும்.

அங்கிருந்து தஞ்சாவூருக்குத் திரும்ப வேண்டாம். உழவன் கும்பகோணம் வழியாகத்தான் சென்னைக்குப் போகிறது. திரும்பும் டிக்கெட்டைக் கும்பகோணத்திலிருந்தே போடுகிறோம். வந்த வழியே திரும்பும் அலைச்சல் மிச்சம். மாலை இட்லிக்குக் கடப்பா இருக்கிறதா என்று கேட்டு உட்காருங்கள். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் தேங்காயும் சேர்ந்த குழம்பு அது; எல்லாக் கடையிலும் கிடைக்காது. திங்கள் விடியலில் எழும்பூர்.

தேதி குறிக்கும்போது மூன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமையில் பிரதோஷம் விழுந்தால் மாலை நாலரையிலிருந்து ஆறு வரை நந்தியைச் சுற்றி நிற்க இடம் இருக்காது. அபிஷேகம் பார்க்கவே வருகிறவர்களுக்கு அதுதான் நாள். அமைதி தேடி வருகிறவர்களுக்கு ஆகாது. ராஜராஜன் பிறந்த நட்சத்திரத்தைக் கொண்டாடும் ஐப்பசிச் சதய விழாவிலும், திருவையாற்றில் தியாகராஜ ஆராதனை நடக்கும் நாட்களிலும் அறை கிடைப்பது கடினம். ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் வரை நாங்களே வேண்டாம் என்று சொல்லிவிடுவோம்.

பதிவு செய்ய, இருவரின் பெயரும் ஆதாரில் உள்ள எழுத்துப்படி, வயது, கீழ்ப் படுக்கை தேவையா என்பது, விரும்பும் இரண்டு தேதிகள், இவற்றை எழுதி அனுப்புங்கள். மூல அடையாள அட்டையை இருவருமே கையில் கொண்டுவர வேண்டும். விடுதியில் இருவருடையதையும் கேட்பார்கள்.

இப்படிக்கு,
பயண ஏற்பாட்டுக் குழுவினர்