கம்பம் வாங்கும் முன் ஒரு தகட்டைத் தொங்கவிடுங்கள்

கடலோர நகராட்சிகளின் பொறியாளர்களுக்கு வணக்கம்.

நான் மண்டபம் பக்கம் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவன். போன மாதம் கடற்கரைச் சாலையில் ஒரு விளக்குக் கம்பத்தை அறுத்து இறக்கினோம். மழையும் வெயிலும் படும் பக்கம் பெயிண்ட் நன்றாகவே இருந்தது. கிளாம்ப்புக்கு அடியில் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினால் உள்ளே இறங்கிவிட்டது. மழை படும் இடத்தில் உப்பு கழுவிப் போய்விடும், மறைவில் அப்படியே தங்கும். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினாலே சமையல் உப்பு ஈரத்தை இழுத்துக் கரைந்துவிடும். கடல் உப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடுக்கு அதில் பாதி ஈரமே போதும். மழையே இல்லாவிட்டாலும் ராத்திரியில் இரும்பு நனைந்துதான் நிற்கிறது.

கடலிலிருந்து தள்ளியிருக்கும் ஊர்களில் போடும் அதே கால்வனைசிங் (இரும்பின் மேல் துத்தநாகப் பூச்சு) தடிமனைத் தயவுசெய்து கடற்கரைக்கும் எழுதாதீர்கள். முதலில் உங்கள் காற்றை அளந்து பாருங்கள். பெரிய செலவில்லை. 10 சென்டிமீட்டருக்கு 15 சென்டிமீட்டர் இரும்புத் தகட்டைச் சுத்தம் செய்து, எடை போட்டு, கடலைப் பார்த்துச் சாய்வாக ஒரு வருடம் மாட்டி வையுங்கள். அப்புறம் துருவை மட்டும் கரைத்தெடுத்து மறுபடி எடை போடுங்கள். சுமார் 24 கிராம் குறைந்திருந்தால், ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 100 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு) போய்விட்டது என்று அர்த்தம். காற்று உலோகத்தை எவ்வளவு அரிக்கும் என்று வகை பிரிக்கும் சர்வதேசத் தரம் ஐஎஸ்ஓ 9223 கணக்கில் அது சி5 வகை: வருடத்துக்கு 80 முதல் 200 மைக்ரான். அதையும் தாண்டினால் சிஎக்ஸ், இருப்பதிலேயே மோசமான வகை. சி5 காற்றில் துத்தநாகம் வருடத்துக்கு 4.2 முதல் 8.4 மைக்ரான் வரை கரையும். 85 மைக்ரான் பூச்சு பத்து வருடம் தாங்குமா, இருபது தாங்குமா என்பதை அந்த எண்தான் சொல்லும். சிஎக்ஸ் என்றால் நாலைந்து வருடத்திலேயே தீர்ந்துவிடலாம்.

காயத்துக்குக் கட்டும் காஸ் துணி சுற்றிய குழாயின் அடியைத் தண்ணீர் பாட்டிலில் விட்டு வைத்தால், காற்றில் வரும் உப்பையும் பிடித்து அளக்கலாம். கரையிலிருந்து சில நூறு மீட்டர் உள்ளே போனாலே உப்பு வெகுவாகக் குறைந்துவிடும். அதனால் ஊருக்கு ஒரு தகடு போதாது. கரையோரம் ஒன்று, பஸ் ஸ்டாண்டில் ஒன்று என்று மாட்டுங்கள்.

இது நமக்குப் புதிதும் அல்ல. காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் (சிக்ரி) எத்தனையோ வருடமாக மண்டபத்தில் உலோகங்களைக் காற்றில் வைத்துச் சோதித்திருக்கிறது. அவர்களிடம் கேளுங்கள்.

தகடுகளை நான் வெட்டித் தருகிறேன், காசு வேண்டாம். ஸ்டாண்டை எங்கே நிறுத்தலாம் என்று மட்டும் சொல்லுங்கள், இந்த மாதமே மாட்டிவிடலாம்.