அக்காவுக்குத் துணை நிற்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

போன வாரம் போனில் உன் அக்காவைப் பற்றி நீ கேட்டதற்கு என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. "அங்கே புருஷனிடம் அடி வாங்கிக்கொண்டே ஆபீஸ் போனாள், பிள்ளையை ஸ்கூலுக்குக் கிளப்பினாள். இங்கே வந்தபிறகு கரண்ட் பில் கட்டச் சொன்னால்கூட மறந்துவிடுகிறாள், எந்நேரமும் படுத்தே கிடக்கிறாள்" என்றாய். சோம்பேறி என்று நீ வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

வண்டி தெருமுனையில் திரும்பும் சத்தத்தை வைத்தே புருஷன் குடித்திருக்கிறாரா என்று கண்டுபிடித்துவிடுவாளாம். மதியச் சாப்பாட்டின்போது என்னிடம் சாதாரணமாகச் சொல்வாள். கொத்தமல்லி வாங்கிய காசுக்கும் கணக்கு எழுதி வைப்பாள். ஆபீசில் யாருக்கும் சந்தேகம் வராது. அத்தனை வருடம் காதைத் தீட்டிக்கொண்டே இருந்த உடம்பு, பயமில்லாத இடத்துக்கு வந்த பிறகுதானே சாய முடியும்? உங்கள் வீட்டில் டம்ளரைச் சத்தம் வராமல் வைக்கிறாளே, ஃபேன் போட அம்மாவிடம் கேட்கிறாளே, கவனித்தாயா? தூக்கம் கெடுவது, மறதி, சட்டென்று திடுக்கிடுவது எல்லாம் இப்படி அடிபட்ட பெண்களிடம் அடிக்கடி பார்ப்பதுதான். அவளுக்குச் சம்மதம் என்றால் அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போ. ஆனால் பெரியப்பாவை வைத்துப் பஞ்சாயத்து மட்டும் வேண்டாம். "கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா" என்பதைக் கேட்டுக் கேட்டுத்தான் இந்த நிலைக்கு வந்திருக்கிறாள்.

குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005-இல் வந்தது, 2006 அக்டோபரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அடி மட்டுமல்ல, வசவும், சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்வதும் அதில் வன்முறைதான். மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலரைக் கேட்டுப் போங்கள், இந்தச் சட்டப்படி மனு போட உதவுபவர் அவர்தான். வழி தெரியாவிட்டால் பெண்கள் உதவி எண் 181-க்குப் போன் செய்யலாம். வக்கீல் செலவை நினைத்துத் தயங்காதே. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கிடைப்பார், பெண்களுக்கு வருமான வரம்பும் கிடையாது. கோர்ட்டில் மனு போட்ட 3 நாளுக்குள் முதல் விசாரணை, 60 நாளில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்கிறது சட்டம். நடப்பில் இழுக்கும், அதற்கும் மனதைத் தயார் செய்துகொள்.

அப்புறம், நகையும் சர்ட்டிபிகேட்டும் அங்கேயே இருக்கின்றன என்றாயே. கோபத்தில் நீ தனியாக வாங்கப் போகாதே, கைகலப்பாகிவிடும். மனுவிலேயே திருப்பித் தரச் சொல்லிக் கேட்கலாம். என்னென்ன இருக்கிறது என்று அக்காவை உட்காரவைத்துப் பட்டியல் எழுதுங்கள். ஒரே நாளில் முடியாது, விட்டு விட்டு எழுதட்டும்.

அன்புடன்,
அக்காவோடு வேலை பார்த்த அக்கா